மூன்றாம் ஓலை

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று காலை ஏழரை மணிப் பூசையில், மணல்குருசடி மிக்கேல் சம்மனசு கோயிலில், அறுநூறு பேர் நடுவில், என் உயிர் என்னை விட்டுப் பிரிந்து கூரை ஓட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஓலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது எல்லாக் கோயிலிலும் உள்ளதுதான். இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. எங்கள் ஊரில் மட்டும், ஊர்ப்பெண் கன்னியாஸ்திரியாகச் சாகும் வரைக்குமான கடைசி வார்த்தைப்பாடு கொடுக்கும்போதும் மூன்று ஓலை உண்டு. அவளும் ஒருத்தருக்குக் கழுத்தை நீட்டத்தானே போகிறாள் என்று எந்தக் காலத்துச் சாமியாரோ ஆரம்பித்து வைத்தது. முப்பது வருஷமாக ஆள் அகப்படாமல் அந்த வழக்கம் சும்மா கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்தார்கள்.

“காலஞ்சென்ற சேசையா, திருமதி ரீத்தம்மாள் ஆகியோரின் மகள் அருட்சகோதரி கித்தேரி, வருகிற செப்டம்பர் எட்டாம் தேதி நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க இருக்கிறார். இது முதல் ஓலை” என்று ஃபாதர் வியாகப்பன் வாசித்தார். அதற்கப்புறம் அந்த வரி. தடை ஏதும் தெரிந்தவர்கள், மனச்சாட்சியின்படி.

தெரிந்தவன் ஒருவன் இருந்தான். இடதுபக்கத் தூணுக்குப் பின்னால், கோயில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். தென்பாண்டிச் சீமையின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தி, ‘தொம்மை மைக் செட்’ உரிமையாளர், ரீத்தம்மாளின் கூடப்பிறந்த தம்பி, கித்தேரியின் தாய்மாமன், இந்த நோட்டின் ஆசிரியர்.

அக்கா ஆனந்தக் கண்ணீரோடு திரும்பிப் பார்த்து, உனக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று சைகையில் கேட்டாள். மின்விசிறி ஓடவில்லை என்று சைகையில் சொன்னேன். அது என் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்றே எழுதியிருக்க வேண்டும். பேனாவில் மை இருந்தது, நெஞ்சில் இல்லை. இன்றும் இல்லை. கடன் வாங்கி எழுதுகிறேன்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம். தூத்துக்குடியில் போய் ஒரு எக்கோ ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்திருந்தேன். அதில் ‘உம்’ என்றால் சீனாய் மலையே ‘உம்’ என்று பதில் சொல்லும். பீடத்துக்குப் பின்னால் திரைக்குள்ளே ஒரு ஸ்பீக்கர் பெட்டியை ஒளித்து வைத்தேன். மறுநாள் பிரசங்கம் நேரே பரலோகத்திலிருந்து இறங்குவதுபோல் கேட்கவேண்டும், ஊர் மிரண்டு கும்பிடவேண்டும், தொம்மையின் பெயர் மறைமாவட்டம் முழுவதும் பரவவேண்டும். இதுதான் திட்டம். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

பாடகர் மாடியில் மைக்கும் கையுமாக உட்கார்ந்தேன். கீழே கோயிலில் கித்தேரி ஒருத்திதான் பெருக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. நான் மேலே இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கோ தொண்டை வறண்டு கிடந்தது.

“கித்தேரி, என்னிடம் வா. வரும்போது தாவீது கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு வா.” இவ்வளவுதான் நான் சொல்ல இருந்தது. முதல் பாதியைச் சொன்னேன். எக்கோ அதை எடுத்துக்கொண்டு போய்ப் பீடத்துக்குப் பின்னாலிருந்து ஏழு தடவை சொன்னது.

விளக்குமாறு விழுந்தது. பிள்ளை முழங்கால் போட்டது. பயந்த முகமாக இருந்தால் சிரித்துக்கொண்டே இறங்கி வந்திருப்பேன். அது பயந்த முகம் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை அப்பனைக் கண்டதும் ஒரு முகம் காட்டுமே, அது. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில்தான் மஞ்சள் காமாலை வந்து அவள் அப்பன் சேசையா போயிருந்தான்.

டீ என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் கழற்றி, டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிட்டது சாமி என்று பொய் சொல்லி, வீட்டுப் பரணில் ஏற்றினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடம் முடித்தாள். பதினெட்டு வயதில் மடத்துக்குப் போகிறேன் என்றாள். அக்கா அழுதாள், ஊர் மெச்சியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கித்தேரி வந்துவிட்டாள். வார்த்தைப்பாட்டுக்கு முந்தின வீட்டு லீவு, அடுத்த வாரம் வியாழன் வரை. சாம்பல் நிறச் சேலை, ஒரு துணிப்பை, கழுத்தில் மரச் சிலுவை. அக்கா ஒரு படைக்குச் சமைத்தாள். நான் படைத்தளபதியாகச் சாப்பிட்டேன், ஒன்றும் இறங்காமல்.

வார்த்தைப்பாடு முடிந்ததும் அவளை அசாம் பக்கம் ஒரு மலை ஊருக்கு அனுப்புகிறார்களாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவு. அங்கே நிற்காமல் மழை பெய்யும் என்றாள், என்னவோ நல்ல செய்தி போல.

என் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்து முடித்தாயிற்று. புதுக் கட்டிலும் போட்டாயிற்று. விருந்தாளிகள் தங்குவதற்கு. என் வீட்டுக்காரி லூசியாள் செத்துப்போன இந்த எட்டு வருஷத்தில் எனக்கு விருந்தாளி யாரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் இரண்டு. தலைவலி ஒன்று. எதுவும் சரியாகவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மத்தியானம் கடைக்கு வந்தாள். சின்ன வயதில் செய்வதுபோலவே, கேட்காமலே தரையில் உட்கார்ந்து சிக்குப் பிடித்த வயரை எடுத்து முழங்கையில் சுற்ற ஆரம்பித்தாள். அவள் வேலை பார்ப்பது மதுரைக்கு அந்தப் பக்கம், யாருமில்லாத படுக்கைக்காரர்களைச் சாகும் வரைக்கும் வைத்துப் பார்க்கும் ஒரு இல்லத்தில். அதைப் பற்றிக் கேட்டேன். புண்ணுக்கு மருந்து வைப்பது, கஞ்சி ஊட்டுவது, படுக்கை மாற்றுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“மாமா, ஒங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுதேன். அம்மைக்குத் தெரிய வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு.”

பயத்தைப் பற்றி இந்த ஜில்லாவில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை. ஆகையால் காதைக் கொடுத்தேன்.

அந்த இல்லத்துக்குப் போன முதல் வருஷம் ஒரே வாரத்தில் நாலு பேர் அவள் கையில் போயிருக்கிறார்கள். நாலாவது ஆள் போன அன்று பையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டாளாம். திருநெல்வேலி பஸ் இரண்டு வந்து போயிற்று. இரண்டிலும் ஏறவில்லை. திரும்பிப் போய்க் கூட்டுப் பாத்திரம் கழுவினாளாம். ஏன் ஏறவில்லை என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சின்னப் பிள்ளையில ஒரு சத்தம் கேட்டேன் மாமா, நம்ம கோயில்ல. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. அது மட்டும் கேட்டிருக்கலன்னா அன்னைக்கு பஸ் ஏறியிருப்பேன்.”

அதற்கப்புறம் இந்தப் பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். சாகும் வரைக்கும் என்று வாக்குக் கொடுக்கப் போகிற நேரத்தில், அது நிஜமா கனவா என்று சந்தேகம் வந்துவிட்டதாம். எட்டாம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றாள். வயரைச் சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

என் கை சோல்டரிங் கம்பியைப் பிடித்திருந்தது. எந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா பரலோகம் ஏறிய திருநாள். பூசை, கொடி, மிட்டாய்.

மத்தியானம் பரணில் ஏறினேன். எக்கோ ஆம்ப்ளிஃபயரை இறக்கினேன், துடைத்தேன், கரண்ட் கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கித்தேரி தினமும் நாலு மணிக்குத் தனியாகக் கோயிலுக்குப் போய் முழங்கால் போடுகிறாள். திரை அப்படியே இருக்கிறது. பாடகர் மாடி அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு தடவை போதும் என்று அவளே சொன்னாள்.

மூன்றே முக்கால் வரைக்கும் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வயரைப் பிடுங்கி ஆம்ப்ளிஃபயரைப் பரணுக்கே அனுப்பிவிட்டேன். சிங்கம், புலி, மலைப்பாம்பு, வருமான வரி அதிகாரி என்று எத்தனையோ பார்த்துப் பயந்திருக்கிறேன். என்னைப் பார்த்து நானே பயந்தது இன்றைக்குத்தான்.

ஆகஸ்ட் 16, சனி

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். உள்ளூரில் அல்ல. நம் பங்குச்சாமி என் குரலை ஆயிரம் குரலில் கண்டுபிடிப்பார். மூன்று பஸ் மாறி, ஆறு கடந்து, தேசம் விட்டுத் தேசம் போய் (பதினான்கு கிலோமீட்டர்) பக்கத்துப் பங்குக் கோயிலில் பாவம் சொல்லும் கூண்டில் முழங்கால் போட்டேன். கிராதிக்கு அந்தப் பக்கம் இளவயதுச் சாமி, ஜலதோஷக் குரல்.

முழுவதும் சொன்னேன், டீ உட்பட. பிறகு இருமல் மாதிரி ஒன்று கேட்டது. இருமல்தானா என்று பஸ்ஸில் வரும்போது சந்தேகம் வந்தது. பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். விற்றுவிடச் சொன்னார். அந்த சிஸ்டரிடம் நீங்களே நேரில் சொல்வதுதான் உங்களுக்கு அபராதம் என்றார்.

பேரம் பேசிப் பார்த்தேன். நூறு செபமாலை சொல்கிறேன், வேளாங்கண்ணிக்கு நடக்கிறேன், வேண்டுமானால் முழங்காலிலேயே போகிறேன். அவர் அசையவில்லை.

“நடக்கதுக்கு ஒங்களுக்குப் பயம் இல்ல. சொல்லத்தான் பயம். அதனால சொல்லணும்” என்றார். இந்தக் காலத்துச் சாமிகளுக்கு இரக்கமே கிடையாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டாம் ஓலை. கித்தேரி முதல் பெஞ்சில் அக்கா பக்கத்தில் இருந்தாள். ஃபாதர் வாசித்துக்கொண்டே வந்தார். ‘தடை ஏதும்’ என்ற இடம் வந்ததும் என் விரல் எனக்குத் தெரியாமலே போய் வால்யூமைக் குறைத்துவிட்டது. அவர் வாய் மட்டும் அசைந்தது. பின்பெஞ்சில் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று முணுமுணுத்தார்கள். ஃபாதர் மைக்கைத் தட்டினார், மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஆக, ஊரிலேயே இவளுடைய இரண்டாம் ஓலைதான் இரண்டு தடவை வாசிக்கப்பட்டது.

கித்தேரி திரும்பி என்னைப் பார்த்தாள். சிரித்தாள், மைக் மாமாவுக்கு வயதாகிவிட்டது என்பதுபோல.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொல்லப் போனேன். மழை. திரும்பிவிட்டேன். மழை தூத்துக்குடியில் பெய்ததாக ரேடியோவில் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பதினோரு மணிக்கு அக்கா கொடுத்தனுப்பிய மீன் குழம்போடு அவளே வந்தாள். மாடியில் புதுச் சுண்ணாம்பு வாசம் வருகிறதே என்று ஏறிப் போனாள். நானும் போனேன். கட்டிலைப் பார்த்தாள், ஜன்னலில் நான் மாட்டியிருந்த திரையைப் பார்த்தாள், யாருக்கு மாமா என்று கேட்டாள். அதற்குப் பதிலாக இதைச் சொன்னேன்.

என் வாய் சாதாரணமாக ஒரு தெருவைக் கடக்க ஒரு காவியம் பாடும். இன்று அலங்காரம் ஒன்றுமில்லாமல் ஆறே வாக்கியம் வந்தது. மாடியில் நான் இருந்தேன். பெட்டி பீடத்துக்குப் பின்னால் இருந்தது. கூப்பிட்டது நான். விளையாட்டுக்குக் கூப்பிட்டேன். உன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அன்றிலிருந்து பயந்துகொண்டே இருக்கிறேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். டெட்டால் போட்டுப் போட்டு வெளிறிப்போன கைகள்.

“என்கிட்ட வான்னு சொன்னிய. அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்திய?”

“டீ வாங்கிட்டு வான்னு.”

சிரித்துவிடுவாள் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அறையை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தாள், கட்டில், ஜன்னல், திரை என்று ஒவ்வொன்றாக. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“மாமா, இத எனக்காகச் சொன்னியளா? இல்ல, நான் வீட்டுக்குத் திரும்பி வந்திரணும்னு சொன்னியளா?”

குழம்புச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதை இங்கே விவரமாக எழுதலாம்தான். பக்கத்தில் இடம் போதவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

அவசர வேலை வந்துவிட்டது என்று சொல்லி ஒரு நாள் முன்னதாகவே காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். அக்காவுக்கு நெற்றியில் சிலுவை போட்டாள். எனக்கு வழக்கமான தோத்திரம்கூடச் சொல்லவில்லை. பஸ் கிளம்பியதும் நான் கையை ஆட்டினேன். கண்டக்டர் பதிலுக்கு ஆட்டினான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எக்கோ ஆம்ப்ளிஃபயரை ஆறுமுகநேரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரியும், அதுதான் அதன் கெட்ட குணம் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

ஃபாதர் அறிவிப்பு எல்லாவற்றையும் சொன்னார்: இளைஞர் கூட்டம், கல்லறைத் தோட்டச் சுவர், ஞானோபதேச வகுப்பு. பிறகு தாளை மடித்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினார். அறுநூறு பேரும் மூச்சை இழுத்தது என் மைக்கில் கேட்டது.

பூசை முடிவதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கித்தேரிக்கு ஒரு டாக்டரோடு பழக்கம் என்றது ஒரு கட்சி. அங்கே கிடக்கிற நோயாளியிடமிருந்து காசம் தொற்றிவிட்டது என்றது இன்னொரு கட்சி. யாரோ தடை சொல்லியிருக்கிறார்கள் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம். மணியடிக்கிற கோயில்பிள்ளை மீது பாதிப்பேர் சந்தேகம். அந்த மனுஷன் ஈக்குக்கூடத் தடை சொல்லாதவர்.

அக்கா நேரே மிக்கேல் சம்மனசு சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள். அதனால் எல்லாருக்கும் கேட்டது.

“எம் பிள்ளைக்கு எதிரா வாயத் தொறந்தவன் யாருன்னு எனக்குத் தெரியணும். ஏ தொம்மை, நீதான் ஊரெல்லாம் சுத்துதவன். ஆளக் கண்டுபிடிச்சிட்டு வா.”

சம்மனசின் காலடியில் கிடந்த பிசாசு, ஈட்டியின் கூர்மையைப் பற்றி என்னிடம் ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது.

ஃபாதர் அறைக்குப் போனேன். யாரும் தடை சொல்லவில்லை, சிஸ்டரே நேற்று போன் செய்து ஓலையை நிறுத்தி வைக்கச் சொன்னார் என்றார். காரணம் சொல்லவில்லையா என்றேன். சொல்லவில்லை என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

முடிந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒரு வரியில் கட்டினேன், ஆறு வரியில் இடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மதுரை போய்வந்தேன்.

வழியெல்லாம் மன்னிப்புப் பிரசங்கம் ஒன்று தயாரித்தேன். கோவில்பட்டிக்குள் மூன்று பாகம், விருதுநகருக்குள் முடிவுரை. கேட்டில் இறங்கியபோது ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை.

ஓடு போட்ட நீளமான வார்டு, இருபது கட்டில். கித்தேரி ஒரு கிழவருடைய முதுகுப் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அங்கே கையுறை இருக்கு, போட்டுட்டு இந்தப் பேசினைப் பிடிங்க என்றாள். பிடித்தேன். பேசினுக்குள் என்ன விழுந்தது என்பதை எழுத மாட்டேன். நான் விழாமல் நின்றதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

கிழவர் பெயர் சுடலைமுத்து. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அதற்கும் சேர்த்து நாக்கு அசைகிறது. என்னைப் பார்த்து, ஏ சிஸ்டரு, இந்தப் பூசணிக்காய எந்த லோடுல ஏத்திட்டு வந்த என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் அவருக்கும் எனக்கும் பெரிய சிநேகம் ஆகியிருக்கும்.

ஒரு மணிக்கு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு பேசினாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“வந்த அன்னைக்கு இந்த வாசல்ல நின்னு யோசிச்சேன். கூப்பிட்டது மாமான்னா நான் எதுக்கு இங்க இருக்கேன்னு. ஓலைய நிறுத்தச் சொன்ன பொறவு ரெண்டு நாளா சாமியக்கூட ஏறிட்டுப் பாக்கல. மூணாம் நாளு…”

வார்டிலிருந்து சுடலைமுத்து “ஏட்டீ சிஸ்டரு” என்று ஒரு கத்தல் கத்தினார். அவள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். தலையணை சரிந்துவிட்டதாம். வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். மூணாம் நாளு என்று மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி கத்தல். தண்ணீர் வேண்டுமாம். வந்தாள், உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள். மூன்றாவது கத்தல். இந்தத் தடவை அவருக்கு ஒன்றும் வேண்டாமாம், பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தாராம்.

மூன்று தடவையும் அவள் எழுந்த வேகத்தைப் பார்த்தேன். சலிப்பு இருந்தது, பசி இருந்தது, ஒரு தடவை பல்லைக்கூடக் கடித்தாள். எழாமல் மட்டும் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது சோறு காய்ந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் என்ன ஆயிற்று என்பதை அவள் சொல்லி முடிக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் கேட் வரைக்கும் வந்தாள்.

“ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிக்கச் சொல்லி பங்குச்சாமிக்குப் போன் பண்ணுதேன்” என்றாள். கேட்டைப் பிடித்துக்கொண்டேன். “ஆனா சாமி வாசிக்க வேண்டாம். நீங்க வாசிக்கணும்.”

“நானா? எனக்கு மைக்கு முன்னால நின்னு பழக்கம் இல்லட்டி.”

“தெரியும். ஒளிஞ்சு நின்னுதான் பழக்கம்.”

நன்றாக வைத்தாள். வாங்கிக்கொண்டேன். உனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லை என்றாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

“இல்ல மாமா. அது எட்டாம் தேதிக்குள்ள போவாது. அசாம் போனாலும் கூட வரும். அது ஒங்களுக்கும் எனக்கும் உள்ளது. வார்த்தைப்பாடு வேற.”

பஸ் வந்தது. உள்ளேயிருந்து சுடலைமுத்துவின் குரலும் வந்தது. அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று எழுதத் தேவையில்லை.

ஆகஸ்ட் 30, சனி

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு வாசிக்கிறவனின் யோக்கியதை அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று தோன்றியது. அவள் கையில் கருவாட்டுக் கத்தி இருந்தது. கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோயில்பிள்ளையை ஆம்ப்ளிஃபயரிடம் உட்காரவைத்துவிட்டு முன்னால் போனேன். தூணிலிருந்து வாசகப் பீடம் வரை இருபது அடி. இமயமலையைக் குறுக்கே கடப்பது இதைவிடச் சுலபம் என்று உலகத்தாருக்கு இதனால் அறிவிக்கிறேன்.

ஊருக்கெல்லாம் குரல் கொடுத்த நான் என் குரலை அந்தக் கோயிலில் வெளிப்படையாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. கொசுவுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது. பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள். காலஞ்சென்ற சேசையா என்று வாசித்தேன். ரீத்தம்மாள் என்று வாசித்தேன். அக்கா முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருட்சகோதரி கித்தேரி என்று வாசித்தேன். குரல் கொஞ்சம் தேறியது. நித்திய வார்த்தைப்பாடு. இது மூன்றாம் ஓலை.

பிறகு அந்த வரி. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க மனச்சாட்சியின்படி கடமைப்பட்டவர்கள். வாசித்து முடித்தேன்.

வாசித்ததும் தாளை மடித்துவிட்டு இறங்கிவிடுவதுதான் வழக்கம். நான் இறங்கவில்லை. கேள்வி கேட்டவன் பதிலுக்கு நிற்கவேண்டும் அல்லவா? நின்றேன். ஃபாதர் என் பக்கம் திரும்பினார். கோயில்பிள்ளை வால்யூமை ஏற்றினார், என்னவோ கோளாறு என்று நினைத்து. ஒரு குழந்தை அழுதது, நிறுத்தியது. பீடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறுநூறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், கடைசியில் அக்கா முகத்தையும்.

ஒருத்தருக்கும் ஒரு தடையும் தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை.